கோத்தகிரி காட்டேஜுக்கு எந்தத் தரை, என்ன நிறம்?

வாசகியின் கேள்வி:

கோவையில் ஆசிரியையாக இருந்து சென்ற மே மாதம் ஓய்வு பெற்றேன். கோத்தகிரியில் அப்பா விட்டுச்சென்ற சின்ன காட்டேஜ் ஒன்று இருக்கிறது. 640 சதுர அடி. முன்னால் கண்ணாடி வராந்தா, கணப்பு வைத்த ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறை. இதுவரை கோடை விடுமுறைக்கு மட்டும் போய்வந்தோம். இனி 81 வயது அம்மாவையும் இரண்டு நாய்களையும் அழைத்துக்கொண்டு அங்கேயே குடியேறப் போகிறோம். ஹாலில் ரெட் ஆக்சைடு தரை வெடித்துக் கிடக்கிறது. பின் அறையில் மரப்பலகைத் தரை, மிதித்தால் அமுங்குகிறது. வீடு முழுக்க மரம் மாதிரி லேமினேட் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். எல்லாச் சுவரும் வெள்ளையும் சாம்பலுமாக இருக்கட்டும் என்கிறாள் மகள். எனக்கோ, நான் சிறுமியாக இருந்தபோது அந்த ஹாலில் இருந்த கரும்பச்சை மறுபடி வேண்டும், கூடவே கடுகு மஞ்சளும். வீடு இருட்டாகிவிடுமா? பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? ஆறு லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். எதில் தொடங்குவது?

பதில்:

வணக்கம். கடிதத்தோடு அனுப்பிய ஏழு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் தரையையும் நிறத்தையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கண் நின்றது ஐந்தாவது படத்தில். வீட்டின் பின்பக்கம், வெளிச்சுவர். முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு அலையலையாக ஓடுகிறது. அதற்குக் கீழே பெயிண்ட் அப்பளம் போலப் பொரிந்து நிற்கிறது. அதே சுவரின் அடியில், பின் படுக்கையறைக்கு நேர் வெளியே, உள்ளங்கை அகலத்தில் மூன்று இடங்களைச் சிமென்ட் பூசி அடைத்த தடம் தெரிகிறது. உங்கள் ஹால் தரை வெடித்ததற்கும், பலகை அமுங்குவதற்கும், கரும்பச்சையை எந்தச் சுவரில் அடிக்கலாம் என்பதற்கும் பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது. மலை வீட்டில் தண்ணீர் போகும் வழியைத் தெரிந்துகொள்ளாமல் டைல் கடைக்குப் போகக் கூடாது.

அந்த வெள்ளைக் கோடு உப்பு. நிலத்தில் இருக்கும் ஈரம் சுவரில் மேலேறி, காய்கிற இடத்தில் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லும் சுண்ணாம்புக் காரையும் தெரிவதால், இது சிமென்ட் புழக்கத்துக்கு வருமுன் கட்டிய சுவர், அல்லது அந்த முறை தெரிந்தவர்கள் கட்டியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். அதன் மேல் யாரோ பிற்காலத்தில் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டிருக்கிறார்கள். வெளியேற வழி அடைபட்டதும் ஈரம் இன்னும் மேலே ஏறும், இல்லாவிட்டால் உள்பக்கம் திரும்பும். உங்கள் மூன்றாவது படத்தில், ஹாலில் பின்சுவரை ஒட்டிய தரைதான் அதிகம் வெடித்திருக்கிறது, கவனித்தீர்களா? வாசல் பக்கத் தரை ஒழுங்காகத்தான் இருக்கிறது.

கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழை அவ்வளவாக வருவதில்லை, தொட்டபெட்டா மலைத்தொடர் மறைத்துக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழைதான் அங்கே ஆள்வது. 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர், கேத்தி பக்கமெல்லாம் மண் சரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் கோடை விடுமுறைக்கு மட்டும் போய்வந்ததால், அந்த மூன்று மாதத்தில் அந்த வீடு எப்படி இருக்கும் என்பதை ஒருமுறைகூட முழுசாகப் பார்க்கவில்லை. இனி அங்கேயே இருக்கப் போகிறீர்கள். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஆறு லட்சத்தில் ஒன்றரை லட்சத்தை வீட்டுக்கு வெளியே செலவழிக்க மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கூரை விளிம்பில் தகரத் தூம்பு ஓட்டையில்லாமல் இருக்கிறதா என்று ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் மேட்டை வெட்டிய இடத்தில் மண் சரிந்து சரிந்து, வீட்டின் உள்தரை மட்டத்துக்கே வந்துவிட்டது. அதை வெட்டி, உள்தரையை விடக் குறைந்தது அரை அடி கீழே கொண்டுவர வேண்டும். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வாய்க்கால், அடியில் ஜல்லி, சரிவு வீட்டை விட்டு விலகிப் போகிற மாதிரி. அப்புறம், அந்த முழங்கால் உயரத்துக்குச் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூசச் சொல்லுங்கள். "சுண்ணாம்பெல்லாம் இப்ப யார் பண்றாங்க, வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் அடிச்சுடலாம்" என்று மேஸ்திரி சொன்னால், வேறு மேஸ்திரியைத் தேடுங்கள். நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கிற எந்தப் பூச்சும் இரண்டு மழைக்காலம் தாங்கியதை நான் பார்த்ததில்லை.

இனி அந்த மூன்று தடங்கள். அவை காற்றுத்துளைகள். பழைய மலை வீடுகளில் மரத்தரை மண்ணில் உட்காராது. அடியில் ஒன்றரை, இரண்டு அடி இடைவெளி விட்டு, குறுக்குச் சட்டங்கள் போட்டு, அதன் மேல் பலகை அடிப்பார்கள். அந்த இடைவெளியில் காற்று ஓடத்தான் துளை. எலி வருகிறது, குளிர் வருகிறது என்று யாரோ நல்ல எண்ணத்தில் அடைத்திருக்கிறார்கள். காற்று நின்றதும் சட்டம் உளுக்க ஆரம்பித்துவிட்டது. துளைகளைத் திறந்து, எலி புகாத அளவுக்குக் கம்பி வலை வைத்துவிடுங்கள்.

அந்தப் பலகைத் தரையைப் பெயர்த்து எறிந்துவிடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பலகையை மட்டும் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சட்டத்தில் குத்துங்கள். முனை மட்டும் பதிந்தால் மரம் நன்றாக இருக்கிறது. வெண்ணெயில் இறங்குவது போல அரை அங்குலம் இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. பெரும்பாலும் சுவருக்குள் நுழைந்திருக்கும் முனைகள்தான் முதலில் போகும், நடுப்பகுதி கெட்டியாக இருக்கும். கைதேர்ந்த ஆசாரி கெட்ட முனையை அறுத்துவிட்டுப் பக்கத்தில் புதுச் சட்டம் சேர்த்துப் போல்ட் போட்டுவிடுவார். மண் குழாய் போல ஏதாவது ஏறியிருந்தால் அது கரையான், முதலில் அதற்கு மருந்து. அந்த அறையில் மண்ணை நிரப்பி, கான்கிரீட் கொட்டி, டைல் ஒட்டிவிடலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்படிச் செய்தால் அதுவரை துளை வழியே ஆவியாகிக்கொண்டிருந்த ஈரம் முழுக்கச் சுவரைத் தேடிப் போகும். பழைய பலகையைத் தேய்த்து, பளபளப்பில்லாத பூச்சு இரண்டு கை கொடுத்தால் போதும். குளிர் மாதங்களில் வெறுங்காலை வைக்க அந்த வீட்டிலேயே அதைவிட இதமான தரை வேறு இருக்காது. அம்மாவுக்கு அந்த அறையைக் கொடுங்கள்.

சரி, லேமினேட்டுக்கு வருவோம். உங்கள் கணவர் கேட்பது நியாயமானது. மலைக் குளிரில் டைல் காலைக் கடிக்கும், மரம் கடிக்காது. ஆனால் லேமினேட் என்பது மேலே அச்சடித்த படலம், உள்ளே அழுத்திய மரத்தூள் பலகை. தண்ணீர் இணைப்பு வழியாக இறங்கினால் அந்தத் தூள் ஊதும். ஊதினால் திரும்ப இறங்காது. பல வருடங்களுக்கு முன் குன்னூரில் ஒரு குடும்பத்துக்கு நானே லேமினேட் போட்டுக் கொடுத்தேன். போடும்போது மார்ச் மாதம், தரை எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. டிசம்பரில் அந்த வீட்டு அம்மா அழைத்தார். போய்ப் பார்த்தால் ஜன்னலை ஒட்டிய வரிசையில் ஒவ்வொரு இணைப்பும் உதடு பிதுங்கியது போல எழும்பி நின்றது. அவர்கள் என்னைத் திட்டக்கூட இல்லை. அந்தச் செலவைப் பாதி நான் ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து மழை பார்க்காமல் எந்த மலை வீட்டிலும் தரையை முடிவு செய்வதில்லை.

மரத்தின் தோற்றம் கட்டாயம் வேண்டுமென்றால் எஸ்பிசி பலகை இருக்கிறது. கல் பொடியும் பிளாஸ்டிக்கும் சேர்த்து அழுத்தியது, நாலு முதல் ஆறு மில்லிமீட்டர் தடிமன், ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். தண்ணீரில் ஊதாது, டைலை விடக் காலுக்குக் குளிர்ச்சி குறைவு. ஆனால் அதற்கும் அடித்தரை சமமாக இருக்க வேண்டும், மேடு பள்ளம் இருந்தால் கவ்வும் விளிம்பு உடையும். கீழே ஈரம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் பலகை கெடாது, அடியில் பூஞ்சை பிடித்து வீடே நாறும். அதனால் முன் படுக்கையறைக்கு மட்டும் எஸ்பிசி போடுங்கள், அதுவும் சோதனை செய்த பிறகு.

சோதனை எளிது. இரண்டு அடிக்கு இரண்டு அடி பாலித்தீன் தாளை வெட்டி, தரையில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். மறுநாள் தாளைத் தூக்கிப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் இருந்தாலோ, தரை அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. தாளுக்கு மேலே ஈரம், அடியில் காய்ந்திருக்கிறது என்றால் அது காற்றில் இருக்கும் பனி படிவது, ஜன்னலைத் திறந்தால் தீரும். ஹாலில் இரண்டு இடம், முன் அறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று. மழைக்காலத்தில் செய்தால்தான் அர்த்தம்.

ஹாலின் ரெட் ஆக்சைடு தரையைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். பழைய நாணயம் ஒன்றால் ஒவ்வொரு அடிக்கும் தட்டிக்கொண்டே போங்கள். "டொக் டொக்" என்று வெறுமையாக ஒலிக்கிற இடங்களில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். படத்தை வைத்துப் பார்த்தால் பின்பாதி முழுக்க வட்டமாகத்தான் இருக்கும். ரெட் ஆக்சைடில் ஒட்டுப் போட்டால் எவ்வளவு கெட்டிக்காரக் கொத்தனாராக இருந்தாலும் ஒட்டு தெரியும், அந்தப் பழைய சிவப்பு வருடக்கணக்காகக் காலும் எண்ணெயும் பட்டு வந்தது. புதிதாக முழுத் தரையும் போடலாம். ஆனால் கரணையை அழுத்தி அழுத்தித் தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கை இப்போது குறைவு. ஒரு வாரம் தண்ணீர் கட்டி யாரும் மிதிக்காமல் இருக்க வேண்டும், குளிரில் சிமென்ட் இறுகவும் நேரம் பிடிக்கும். வராந்தாவில் இருக்கும் பழைய சிவப்புத் தரை கெடாமல் இருக்கிறது, அதை அப்படியே வைத்துத் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடையுங்கள். ஹாலுக்கு வேறு வழி பார்ப்போம்.

ஹால், சமையலறை, நடைவழி மூன்றுக்கும் ஒரே தரையாக மேட் ஃபினிஷ் விட்ரிஃபைட் டைல். நடுவில் படியோ, பட்டையோ, அரை அங்குல உயர வித்தியாசமோ வேண்டாம். 81 வயதுக் கால் பெரிய படியில் தடுக்குவதை விட, கண்ணுக்குத் தெரியாத சின்ன உயரத்தில் தடுக்குவதுதான் அதிகம். பளபள டைலை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அது காய்ந்திருக்கும்போதே வயதானவர்களின் கண்ணுக்கு ஈரமாகத் தெரியும், கால் வைக்கத் தயங்குவார்கள். நாய்களுக்கும் நகம் பிடிக்காமல் பின்னங்கால் விரிந்து போகும். குளியலறைக்கு இன்னும் சின்ன அளவு, சொரசொரப்பானது. இணைப்புக் கோடுகள் அதிகமாக இருந்தால் காலுக்குப் பிடிமானமும் அதிகம்.

இப்போது எல்லோரும் வாங்கும் நாலடிக்கு இரண்டடி டைல் உங்கள் வீட்டுக்கு ஆகாது. பழைய சுவர்கள் மூலைமட்டத்தில் இருப்பதில்லை. பெரிய டைல் ஓரத்தில் வரும்போது ஒரு முனையில் மூன்று அங்குலம், மறுமுனையில் ஒன்றரை அங்குலம் என்று வெட்டு விழுந்து அந்தக் கோணலை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். ஒன்றேகால் அடி, அதிகம் போனால் இரண்டு அடிச் சதுரம் போதும். இணைப்பு மூன்று மில்லிமீட்டர் விட்டு, டைலை விட ஒரு படி கறுத்த நிறத்தில் எபாக்சி என்கிற பிசின் கலவையை நிரப்பச் சொல்லுங்கள். பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவில் ஏறிவந்த பிறகு நாலு பெட்டி நிறம் மாறியிருக்கிறது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்கிற செலவே டைல் விலைக்கு வந்துவிடும்.

நிறம்? டைல் கடைக்குப் போகுமுன் உங்கள் தோட்டத்து மண்ணை ஒரு கைப்பிடி எடுத்துச் சின்னப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் பிடித்த டைல்மீது அதில் ஒரு சிட்டிகையைத் தூவி, சொட்டுத் தண்ணீர் விட்டு, விரலால் இழுத்துவிட்டு நாலு அடி தள்ளி நின்று பாருங்கள். மண் தெரியாத டைல்தான் உங்களுக்கு. கோத்தகிரியில் வருடத்தில் பாதி நாள் அந்தச் செம்மண் செருப்பிலும் எட்டு நாய்க்காலிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வரப்போகிறது. வெள்ளையில் மண் தெரியும், கறுப்பில் தூசியும் நாய் முடியும் தெரியும். சுட்ட செங்கல் நிறத்துக்கும் டீத்தூள் நிறத்துக்கும் நடுவே, கொஞ்சம் திட்டுத் திட்டாக இருக்கிற ஒன்று எல்லாவற்றையும் மறைக்கும். கரும்பச்சைக்கும் கடுகு மஞ்சளுக்கும் கீழே அது அருமையாக உட்காரும்.

தரையில் ஒரே ஒரு இடத்தில் துணிச்சல் காட்டலாம். கணப்புக்கு முன்னால், நாலடிக்கு ஆறடி, ஆத்தங்குடிக் கல். எட்டு அங்குலக் கல் என்றால் ஆறுக்கு ஒன்பது, மொத்தம் 54. விரித்த கம்பளம் போல இருக்கும், எந்த நாயும் கடித்து இழுக்க முடியாது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டில் வண்ணத்தை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அதனால் ஈரத்தை இழுக்கும், புளியும் எலுமிச்சையும் பட்டால் கறை பிடிக்கும், ஆசிட் பட்டால் வண்ணமே போகும். செட்டிநாட்டு வெயிலில் பிறந்த கல்லை மலையில் வீடு முழுக்கப் போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கணப்புக்கு முன்னால் உலர்ந்த இடத்தில் சந்தோஷமாக இருக்கும். கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஆத்தங்குடிக் கல் முக்கால் அங்குலத் தடிமன், டைல் அதில் பாதி. அந்த இடத்தில் அடித்தளத்தை அந்த அளவுக்குத் தாழ்த்திப் போட்டால்தான் மேல்மட்டம் ஒன்றாக வரும்.

குளிருக்குப் பவானி ஜமுக்காளம். சணல் விரிப்பு பனிமூட்டத்தில் நமுத்து வாடை வரும். ஜமுக்காளத்தைத் துவைத்துக் காயப்போடலாம். அடியில் வழுக்காத வலை வைக்காமல் மட்டும் விரித்துவிடாதீர்கள். இதைத் தரைக்காக மட்டும் சொல்லவில்லை. சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதாப் பட்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் எப்படிப் படுத்திருக்கின்றன என்று பாருங்கள். நிறத்துக்குப் பயப்படுகிறவர்களிடம் நான் ஷேட் கார்டைக் கொடுப்பதில்லை, ஜமுக்காளத்தைத்தான் விரித்துக் காட்டுவேன்.

இப்போது உங்கள் கரும்பச்சை. மகளிடம் இதைச் சொல்லுங்கள்: வெள்ளைச் சுவருக்கென்று சொந்த நிறம் கிடையாது, தன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். கோவையில் அதன் மேல் வெயில் விழுகிறது, பளிச்சென்று இருக்கிறது. பனிமூட்ட நாளில் கோத்தகிரி ஜன்னல் வழியே வருவது நிழலே விழாத, நீலம் கலந்த சாம்பல் வெளிச்சம். அன்றைக்கு வெள்ளைச் சுவர் சாம்பலாகத்தான் தெரியும், சாம்பல் சுவர் ஆஸ்பத்திரி வராந்தா போல ஆகிவிடும். வெளிச்சம் குறைந்த அறையை வெள்ளை அடித்து வெளிச்சமாக்க முடியாது. ஆழமான, வெதுவெதுப்பான நிறம் அதே அறையைக் கதகதப்பாக்கும். உங்கள் அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் எந்தச் சுவர் என்பது முக்கியம். கருநிறம் வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டும், அதாவது ஜன்னல் இல்லாத, வெளிச்சம் விழுகிற சுவரில். ஜன்னல் இருக்கும் சுவரிலேயே கரும்பச்சை அடித்தால், கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்துக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசத்தில் கண் கூசும், சுவர் கறுப்பாகத்தான் தெரியும். உங்கள் ஹாலில் ஜன்னல்கள் வராந்தா பக்கமும் பின்பக்கமும். கணப்புச் சுவர் நடுச்சுவர், இருபுறமும் அறை, எந்தப் படத்திலும் அதில் ஒரு பொட்டு உப்பு இல்லை. பச்சை அங்கே. ஈரம் ஏறுகிற பின்சுவரில் கருநிறம் அடித்தால், அடுத்த ஜனவரியிலேயே வெள்ளை உப்பு அதன் மேல் கோலம் போட்டிருக்கும். அந்த வெளிச்சுவர்களுக்கு உள்ளேயும் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்கள் நிற்கும். அடிப்படை வெள்ளை என்பதால் எதைக் கலந்தாலும் வெளிறித்தான் வரும், கரும்பச்சையின் ஆழம் அதில் கிடைக்காது. ஆனால் மஞ்சள் காவி கலந்த சுண்ணாம்பு, பழைய கோயில் மதில் போன்ற ஒரு இள மஞ்சள் கொடுக்கும், எமல்ஷனில் அது வராது. பச்சைக்கு எமல்ஷன், மேட் ஃபினிஷ், காய்ந்த நடுச்சுவரில் மட்டும். கடுகு மஞ்சள் சமையலறையிலும் வராந்தாவிலிருந்து உள்ளே நுழையும் கதவிலும் இருக்கட்டும். மேலே மச்சுப் பலகை இப்போது வார்னிஷ் கறுத்துக் கிடக்கிறது, அதற்குப் பால் வெள்ளை கொடுங்கள். இருட்டாகிவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கு மருந்து அந்த மச்சுதான். ஷேட் கார்டில் சில நிறங்களுக்குப் பக்கத்தில் எல்ஆர்வி என்று ஒரு எண் இருக்கும், நூறுக்கு எத்தனை பங்கு வெளிச்சத்தை அது திருப்பித் தரும் என்ற கணக்கு. கரும்பச்சை பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். மச்சுக்கு எண்பதுக்கு மேல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கடையில் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள். சாம்பிள் டப்பா வாங்கி, சார்ட் அட்டையில் இரண்டு அடிச் சதுரத்துக்கு இரண்டு கை அடியுங்கள், ஓரத்தில் ஒரு அங்குலம் வெள்ளை விடுங்கள். பழைய சுவரில் நேரடியாக அடித்தால் பழைய நிறம் ஏமாற்றும். அந்த அட்டையைக் கணப்புக்கு மேலே மாட்டி, பனிமூட்டம் இறங்கிய ஒரு முழு நாள் பாருங்கள். காலை ஏழு, நண்பகல், மாலை ஐந்து, இரவு பல்பு வெளிச்சம். பல்பு வார்ம் ஒயிட், 2700 அல்லது 3000 கெல்வின். நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் 6500 கெல்வின் பல்பை மாட்டினால் கடுகு மஞ்சள் நோய் பிடித்த மாதிரி ஆகிவிடும். மே மாத வெயிலில் பிடித்த நிறம் நவம்பரில் பிடிக்காமல் போகலாம். நவம்பரில் பிடித்தது மே மாதத்தில் கெட்டதாக நான் கண்டதில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சள் பாரித்துவிடும், நீலத்தையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது குறையும். சிவப்பும் மஞ்சளும் நன்றாகவே தெரியும். அதனால் குளியலறைக் கதவுக்கு நல்ல செங்காவி அடியுங்கள், வீட்டில் வேறு எந்தக் கதவுக்கும் அந்த நிறம் வேண்டாம். ராத்திரி எழுந்தால் கண்ணாடி போடாமலே எது என்று தெரியும். வராந்தாப் படி விளிம்பில் இரண்டு அங்குலம் மஞ்சள் பட்டை.

அக்கம்பக்கம் பற்றிக் கேட்டீர்கள். கோத்தகிரியைச் சுற்றி ஏதாவது ஒரு படுகர் ஹட்டியை, அதாவது படுகர்களின் ஊரை, எதிர்மலையிலிருந்து பார்த்திருப்பீர்கள். தேயிலைப் பச்சைக்கு நடுவே ஆரஞ்சு, நீலம், ரோஸ், மஞ்சள் என்று வரிசையாக வீடுகள். பனி விலகும் நேரத்தில் அதைவிட அழகான காட்சி அந்த மலையில் எனக்குத் தெரிந்து இல்லை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற, நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் பூத்தையலும் அப்படித்தான். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் எந்தத் தயக்கமும் இல்லாமல் இறங்கும். நிறத்துக்குக் கூச்சப்படாத மலை அது. உங்கள் பச்சையைப் பார்த்து அங்கே யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

வேலையை எப்போது தொடங்குவது? இந்த மழைக்காலத்தில் பத்து நாளாவது போய்த் தங்குங்கள். பாலித்தீன் சோதனை, நாணயம் தட்டுவது, அட்டை மாட்டுவது மூன்றும் அப்போது. ஜனவரியில் வெளி வேலை. பிப்ரவரியில் ஆசாரி, வயரிங், குழாய், பூச்சு. மார்ச்சில் டைல். பூச்சு காய ஒரு மாதமாவது கொடுத்துவிட்டு ஏப்ரலில் பெயிண்ட், டைல்மேல் கோணி விரித்துக்கொண்டு. மே மாதம் சீசன் கூட்டத்தில் ஆள் கிடைப்பதும் சாமான் ஏறுவதும் சிரமம், அதற்குள் முடித்துவிடுவது நல்லது. பணம் இழுத்தால் முன் அறையின் எஸ்பிசியைத் தள்ளிப்போடுங்கள். வெளி வாய்க்காலைத் தள்ளிப்போடாதீர்கள். பீரோவை எந்தச் சுவரோடும் ஒட்டி வைக்க வேண்டாம், மூன்று அங்குலமாவது விடுங்கள், பின்னால் கரும்பூஞ்சை பிடிக்காது.

காற்றுத்துளையைத் திறந்ததும் உள்ளே டார்ச் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சட்டங்களின் நிலைமையைப் பார்த்துவிட்டு ஆசாரியிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.